ஆறில் ஒன்று போனால் நான்கா? - ஒரு படம், ஐந்து வடிவங்கள்

போன செமஸ்டர் லீவுக்கு முந்தின ராத்திரி எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு பெரிய சண்டை. கிரிக்கெட்டோ அரசியலோ காரணம் இல்லை. 'பிளேட் ரன்னர்' என்ற பழைய ஆங்கிலப் படம்தான் காரணம்.

"கடைசியில ஹீரோவும் ஹீரோயினும் கார்ல மலைப்பக்கம் போவாங்களே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றான் அறை நண்பன்.

"மலையா? எந்த மலை? லிஃப்ட் கதவு மூடும், படம் முடியும். நீ தூங்கிட்டு கனவு கண்டிருப்ப" என்றேன் நான்.

ஒரு மணி நேரம் கத்தினோம். பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேருடைய ஹார்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாங்கள் பார்த்தது ஒரே படத்தின் இரண்டு வேறு வடிவங்கள். அவனுடையது 1982இல் தியேட்டரில் வந்தது. என்னுடையது 2007இல் இயக்குநர் சரிசெய்து வெளியிட்ட 'ஃபைனல் கட்'.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அவன் தூங்கின பிறகு, என்னிடம் இருந்த 'நல்ல' வெர்ஷனை அவன் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து வைத்தேன். இடம் போதவில்லை என்பதால் அவனுடைய பழைய கோப்பை அழித்துவிட்டேன். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. லீவு முடிந்து வந்தவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் இந்தப் படத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

முதலில் புத்தகத்தில் இருந்து ஆரம்பிப்போம். 1968இல் பிலிப் கே. டிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். பெயரே விசித்திரமானது: 'ஆண்ட்ராய்டுகள் மின்சார ஆடுகளைக் கனவு காணுமா?' உலகப் போருக்குப் பிறகு பெரும்பாலான விலங்குகள் அழிந்துவிட்டன. உயிருள்ள ஒரு விலங்கை வளர்ப்பதுதான் கௌரவம். எந்த விலங்குக்கு என்ன விலை என்று சொல்ல, பழைய கார்களுக்கு இருப்பது போல ஒரு விலைப்பட்டியல் புத்தகமே இருக்கிறது. கதாநாயகன் டெக்கார்டிடம் இருந்த நிஜ ஆடு செத்துப் போய்விட்டது. வெளியே சொன்னால் கேவலம் என்று மின்சார ஆடு ஒன்றை மொட்டை மாடியில் வைத்து வளர்க்கிறான்.

அவன் வேலை, மனிதர்களுக்கு நடுவில் ஒளிந்து வாழும் ஆண்ட்ராய்டுகளைக் கண்டுபிடித்துக் கொல்வது. ஒன்றுக்கு ஆயிரம் டாலர் சன்மானம். அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் தருவதாகச் சொல்லி நிஜ வெள்ளாடு ஒன்றை வாங்குகிறான். பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடமெல்லாம் ரொம்பப் பிடித்தது. உயிருக்கு விலை போட்டு, தவணை போட்டு, அக்கம்பக்கத்தில் கௌரவம் பார்க்கிற ஒரு உலகத்தில் யார் மனிதன் என்பதுதான் நாவல் கேட்கிற கேள்வி.

இதில் பாதி படத்தில் இல்லை. நாவலில் டெக்கார்டுக்கு மனைவி உண்டு, படத்தில் இல்லை. ஆடு இல்லை. கதை நடக்கிற ஊர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிவிட்டது. வருடம் 1992இல் இருந்து 2019 ஆகிவிட்டது. (நாவலின் பிற்காலப் பதிப்புகளில் அந்த 1992ஐயே 2021 என்று மாற்றிவிட்டார்கள். ஆக, புத்தகத்துக்கே இரண்டு வெர்ஷன்!) ஆண்ட்ராய்டு என்ற சொல்லும் படத்தில் 'ரெப்ளிகன்ட்' ஆனது. 'பிளேட் ரன்னர்' என்ற பெயர்கூட இந்த நாவலில் இருந்து வந்ததில்லை. ஆலன் இ. நர்ஸ் என்பவர் 1974இல் எழுதிய வேறொரு நாவலின் பெயர் அது. அதில் பிளேட் என்பது ஆபரேஷன் கத்தி, அதைக் கடத்துகிறவன்தான் பிளேட் ரன்னர். பெயர் நன்றாக இருக்கிறதே என்று உரிமையை மட்டும் வாங்கி இங்கே ஒட்டிவிட்டார்கள்.

முதல் திரைக்கதையை எழுதியவர் ஹாம்ப்டன் ஃபான்சர். அதைப் பிறகு திருத்தி எழுதியவர் டேவிட் பீப்பிள்ஸ். முதல் வடிவம் பிலிப் கே. டிக்குக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே திட்டினார். திருத்திய வடிவத்தைப் படித்த பிறகுதான் மனம் மாறினார். படம் வரும்போது கடைகளில் விற்க, திரைக்கதையை ஒட்டிப் புதிதாக ஒரு நாவல் எழுதித் தரும்படி அவரிடம் கேட்டார்கள். நல்ல பணம் வரக்கூடிய வேலை. அவர் மறுத்துவிட்டார். அப்படி எழுதினால் பழைய நாவலைக் கடையில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 'என் பழைய புத்தகத்தையே மறுபடி அச்சடியுங்கள்' என்று பிடிவாதமாக நின்றார், அப்படியே நடந்தது. புதிய வடிவம் வரட்டும், ஆனால் பழையதை அழிக்காதே. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவதை அவர் அன்றைக்கே செய்து காட்டிவிட்டார். எஃபெக்ட்ஸ் காட்சிகள் கொஞ்சத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டவர், முழுப் படத்தைப் பார்க்காமலே 1982 மார்ச் 2ஆம் தேதி இறந்து போனார்.

இனி பணக்கதை. இயக்குநர் ரிட்லி ஸ்காட். 1979இல் 'ஏலியன்' எடுத்துப் பெயர் வாங்கியிருந்தவர். கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டு. படப்பிடிப்புக்கு முன்பே முதலில் பணம் போட வந்த கம்பெனி விலகிக் கொண்டது. தயாரிப்பாளர் மைக்கேல் டீலி ஓடி அலைந்து மூன்று இடங்களில் இருந்து பணம் சேர்த்தார். அதில் ஒன்று டான்டம் புரொடக்ஷன்ஸ். படத்தை முடித்துத் தருவதற்கு உத்தரவாதம் கொடுத்தவர்கள் இவர்கள். உத்தரவாதம் சும்மா வருமா? பட்ஜெட் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் படம் எங்கள் கைக்கு வரும் என்பது ஒப்பந்தம்.

பட்ஜெட் தாண்டியது. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் ஆனது. ஆக, சட்டப்படி படத்தின் மேல் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை இயக்குநரிடம் இருந்து உத்தரவாதம் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. எந்த வெர்ஷன் நிஜமானது என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக் கொள்கிறார்களே, அந்தச் சண்டையின் வேர் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. எங்கள் வணிகச் சட்டப் பேப்பரில் ஒப்பந்தம் என்றால் தூக்கம் வரும். இதை உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தால் ஒருத்தனும் தூங்க மாட்டான்.

1982 மார்ச்சில் டென்வர், டல்லாஸ் இரண்டு நகரங்களிலும் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்போது இருந்தது இசையும் மற்ற வேலைகளும் முழுதாக முடியாத கச்சாப் பிரதி. பார்த்தவர்களில் நிறையப் பேர் கதை புரியவில்லை, முடிவு இருட்டாக இருக்கிறது என்றார்கள். படம் எடுத்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மாற்றங்கள் செய்தார்கள்.

ஒன்று, படம் முழுக்க டெக்கார்டின் பின்னணிக் குரல். அவனே கதை சொல்லிக் கொண்டு வருவான். இது திடீரென்று வந்த யோசனை இல்லை, ஆரம்பகாலத் திரைக்கதையிலேயே கதை சொல்லும் குரல் இருந்தது. ஆனால் கடைசியில் சேர்த்த வசனங்கள் ஸ்காட்டுக்கும் பிடிக்கவில்லை, ஃபோர்டுக்கும் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்துக்காகப் பேசிக் கொடுத்தார் ஃபோர்டு. வேண்டுமென்றே மோசமாகப் பேசினார் என்று ஒரு வதந்தி உண்டு, அதை அவர் மறுத்திருக்கிறார்.

இரண்டாவது, சுபமான முடிவு. லிஃப்ட் கதவு மூடுவதோடு நிற்காமல், டெக்கார்டும் ரேச்சலும் காரில் பச்சை மலைகளுக்கு நடுவே போவார்கள். ரேச்சலுக்கு ஆயுள் கெடு இல்லை என்று குரல் சொல்லும். மலைக் காட்சி எடுக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரில் இருந்து எடுத்து, பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருந்த காட்சிகளைக் கேட்டு வாங்கி ஒட்டினார்கள். என் நண்பனுக்கு ரொம்பப் பிடித்த அந்த மலை, ஒரு பேய்ப் படத்தில் மிஞ்சின பிலிம்! (இதை அவனிடம் சொன்னபோது, "அதனால என்ன, நல்லாத்தானே இருக்கு?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.)

இவ்வளவு செய்தும் 1982 ஜூன் 25ஆம் தேதி வெளியான படம் அமெரிக்காவில் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' இரண்டு வாரம் முன்புதான் வந்து ஊரையே இழுத்துக் கொண்டிருந்தது. நல்ல மனசுள்ள வேற்றுக்கிரகக் குழந்தையைப் பார்த்து அழுத ஜனங்களுக்கு, மழையும் இருட்டும் நிறைந்த இந்தப் படம் ஒட்டவில்லை போல. வெளிநாடுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வன்முறையோடு ஒரு பிரதி போனது. ஆக அப்போதே கச்சாப் பிரதியைச் சேர்த்து மூன்று வடிவங்கள்.

பிறகு வீடியோ கேசட் காலம் வந்தது. தியேட்டரில் ஒரு முறை பார்த்தால் புரியாத படத்தை வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது. மெல்ல மெல்ல ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1990 மே மாதம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற தியேட்டரில் 70 எம்.எம். படங்களின் விழா. அதில் பிளேட் ரன்னரும் உண்டு. வழக்கமான படத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள் ரசிகர்கள். படம் ஓட ஆரம்பித்தால், வரவேண்டிய இடத்தில் ஃபோர்டின் குரல் வரவில்லை. மலையும் வரவில்லை. எட்டு வருடம் முன்பு டென்வரிலும் டல்லாஸிலும் போட்ட கச்சாப் பிரதி, கிடங்கில் கிடந்து, தெரியாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டது! மனப்பாடமாகத் தெரிந்த படம் வேறு படமாக மாறி ஓடுவதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

விஷயம் பரவியது. 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அந்தப் பிரதியைப் போட்டார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் ஸ்காட், இது என் படத்தின் முடிந்த வடிவம் இல்லை என்று சொல்லிவிட்டார். கூட்டத்தைப் பார்த்த வார்னர் கம்பெனி சும்மா இருக்குமா? ஸ்காட்டின் குறிப்புகளை வைத்து 1992இல் 'டைரக்டர்ஸ் கட்' என்ற பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு வடிவத்தை வெளியிட்டது. குரல் போயிற்று, மலையும் போயிற்று. புதிதாக வந்தது ஒரு குதிரை.

ஒற்றைக்கொம்புக் குதிரை. டெக்கார்ட் பியானோ முன்னால் உட்கார்ந்து மயங்கிக் கிடக்கும்போது, காட்டுக்குள் அந்தக் குதிரை ஓடி வருவதாக ஒரு கனவு. சில வினாடிகள்தான். படத்தின் கடைசியில் காஃப் என்ற போலீஸ்காரன், காகிதத்தை மடித்துச் செய்த ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்றை டெக்கார்டின் வீட்டு வாசலில் விட்டுப் போயிருப்பான். 1982 வடிவத்தில் கனவு கிடையாது. அதனால் அந்தக் காகிதக் குதிரைக்கு, 'நான் வந்தேன், உங்களை விட்டுவிட்டேன்' என்று மட்டும்தான் அர்த்தம். கனவைச் சேர்த்ததும் அர்த்தமே தலைகீழ். டெக்கார்டின் கனவு காஃபுக்கு எப்படித் தெரியும்? ரெப்ளிகன்ட்களுக்கு நினைவுகளை உள்ளே வைத்துத்தானே தயாரிக்கிறார்கள்? அப்படியென்றால் டெக்கார்டே ஒரு ரெப்ளிகன்டா?

சில வினாடிக் காட்சி, மொத்தப் படத்தையும் மாற்றிவிட்டது. ஸ்காட், ஆமாம், அவன் ரெப்ளிகன்ட்தான் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாத்திரமாக நடித்த ஃபோர்டோ, மனிதன் என்று நினைத்துத்தான் நடித்தேன் என்றார். 2017இல் வந்த இரண்டாம் பாகமான 'பிளேட் ரன்னர் 2049'கூட இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல் நழுவிவிட்டது.

1992 வடிவமும் அவசரத்தில் செய்தது என்று ஸ்காட்டுக்குத் திருப்தியில்லை. 2007இல்தான் முழு உரிமையோடு உட்கார்ந்து 'ஃபைனல் கட்' செய்தார். பழைய தவறுகளை எல்லாம் சரிசெய்தார். ஓடும் காட்சியில் டூப் நடிகையின் முகம் தெரிந்த இடத்தில், நிஜ நடிகையின் முகத்தையே பொருத்தினார்.

ஆனால் அந்த வருடம் வெளியான டி.வி.டி. பெட்டியைப் பாருங்கள். அதில் 'ஃபைனல் கட்' மட்டும் இல்லை. கச்சாப் பிரதி, 1982 அமெரிக்க வடிவம், வெளிநாட்டு வடிவம், 1992 வடிவம், எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தும் இருந்தன. தனக்குப் பிடிக்காத குரலையும் மலையையும் அழிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்பெனிக்காரர்கள் கலர் பூசி விற்றுக் கொண்டிருந்த காலத்தில், 1988இல் அமெரிக்க காங்கிரஸ் முன்னால் போய், படங்களை இப்படி மாற்றுவது ஒரு நாட்டின் கலாசாரத்தையே சிதைப்பது என்று பேசினார். அந்த வருடமே படப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1989இல் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று தேர்ந்தெடுத்த முதல் பட்டியலில் 'ஸ்டார் வார்ஸ்' இருந்தது.

அதே லூகாஸ் 1997இல் தன் படத்தில் புதுக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் செய்து சேர்த்தார். ஹான் சோலோ முதலில் சுடுவதை, எதிரி முதலில் சுடுவதாக மாற்றினார். (பாவம் ஹாரிசன் ஃபோர்டு, இங்கேயும் அவர்தான்!) மாற்றியதில்கூடத் தப்பில்லை, அவர் படம், அவர் உரிமை. ஆனால் 1977இல் மக்கள் பார்த்த வடிவத்தைக் கடைக்கு வராமல் ஒதுக்கிவிட்டார். 2006இல் ஒரு டி.வி.டி.யில் கூடுதல் இணைப்பாக, சுமாரான தரத்தில் வந்தது, அவ்வளவுதான். பல வருடங்கள் ரசிகர்களே பழைய பிலிம் பிரதிகளைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, பிரேம் பிரேமாகச் சரிசெய்து பாதுகாக்க வேண்டியிருந்தது. கலர் பூசுவதை எதிர்த்த மனிதரிடம் இருந்தே ரசிகர்கள் அவர் படத்தைக் காப்பாற்ற வேண்டி வந்ததை என்னவென்று சொல்வது!

கணக்குப் பதிவியலில் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தரும் பாடம் ஒன்று. பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. தப்பு அப்படியே இருக்கட்டும், கீழே பிழைத் திருத்தப் பதிவு ஒன்றைப் போடு. நாளைக்கு வருகிற தணிக்கையாளருக்குத் தப்பும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். ஸ்காட் போட்டது திருத்தப் பதிவு. லூகாஸ் எடுத்தது ரப்பர். நான் அந்த ராத்திரி நண்பனின் ஹார்டு டிஸ்க்கில் எடுத்ததும் அதே ரப்பர்தான்.

மூன்றாம் நாள் அவனே பேசினான். "நீ இங்கிலீஷ் மீடியம். உனக்கு அந்தக் குரல் இடைஞ்சல். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்டா. அந்த ஆளு நிறுத்தி நிதானமாப் பேசுறதாலதான் எனக்குக் கதையே புரிஞ்சுது. நான் டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு முழுசாப் பார்த்த மொத இங்கிலீஷ் படம் அது."

எனக்குச் சுருக்கென்றது. கதை புரியவில்லை என்று டென்வரில் சொன்னவர்களைப் படிக்கும்போது, ரசனை கெட்ட ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டியிருந்தேன். அவர்களுக்காகச் சேர்த்த குரல், முப்பது நாற்பது வருடம் கழித்து, ஒரு தமிழ் மீடியம் பையனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. இயக்குநருக்குப் பிடிக்கவில்லை, நடிகருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவனுக்கு அதுதான் படம். அதை அழிக்க நான் யார்?

அலைந்து திரிந்து 1982 வடிவத்தை மறுபடி வாங்கிக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்தில் பிரையண்ட் என்ற அதிகாரி டெக்கார்டுக்கு வேலையை விளக்கும் காட்சி. தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள் ஆறு பேர், அதில் ஒருவர் மின்சாரம் பாய்ந்து செத்தாயிற்று என்பார். நண்பன் படத்தை நிறுத்தினான்.

"டேய், ஆறுல ஒண்ணு போனா அஞ்சு. ஆனா ராய், லியான், ஸோரா, பிரிஸ்னு நாலு பேரைத்தானே பிடிக்கச் சொல்றாங்க? கணக்கு இடிக்குதே. அஞ்சாவது ஆள் எங்க?"

நான் வாயடைத்துப் போனேன். 'ஃபைனல் கட்'டில் அந்த வசனத்தை இரண்டு பேர் செத்ததாகத் திருத்திவிட்டார்கள். கணக்கு டாலி ஆகும். அதனால் எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. நிஜக் காரணம் சாதாரணமானது. திரைக்கதையில் மேரி என்று ஐந்தாவதாக ஒரு ரெப்ளிகன்ட் இருந்தாள். படமாக்காமலே அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டார்கள், எண் மட்டும் வசனத்தில் தங்கிவிட்டது. ஆனால் அது தெரியாத அந்தக் கால ரசிகர்கள், விட்டுப்போன அந்த ஐந்தாவது ஆள் டெக்கார்டேதான் என்று வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடி வருவதற்கு முன்பே, ஒரு கூட்டல் கழித்தல் பிழையில் இருந்து அந்தச் சந்தேகம் முளைத்துவிட்டது. பிழையைத் திருத்திய வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தால், ரசிகர்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பதே பின்னால் வருகிறவனுக்குப் புரியாது.

"நான் சொல்றேன், அவன் ரெப்ளிகன்ட்தான்" என்றான் நண்பன்.

"உன் வெர்ஷன்ல குதிரைக் கனவே இல்லையேடா, அப்புறம் எப்படி?"

"கணக்கு இடிக்குதுல்ல, அது போதும்."

மறுபடி சண்டை ஆரம்பித்தது. பக்கத்து அறைக்காரர்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். இந்த முறை இரண்டு கோப்புகளும் இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கின்றன.

நீங்கள் எந்த வெர்ஷன் பார்த்தீர்கள்? குரலா, குதிரையா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். படமே பார்க்காதவர்கள் முதலில் பாருங்கள். எதில் ஆரம்பித்தாலும் சரி, இன்னொன்றையும் அழிக்காமல் வைத்துக் கொள்ளுங்கள் :-)